மழை பெய்வது தெரியாத ரேடியோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், செல்போனிலேயே உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கும்போது எஃப்.எம். ரேடியோவை இனி எவன் கேட்கிறான், அந்த டவரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடலாம் என்கிற மாதிரி எழுதியிருந்தார். நான் கேட்கிறேனுங்க. காலையில் நாலரை மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் முதலில் பாய்லரைப் பற்ற வைப்பேன், அடுத்து ரேடியோவைப் போடுவேன், ராத்திரி பத்து மணிக்கு இரண்டையும் அதே வரிசையில் அணைப்பேன். சென்னிமலையில் பேக்கரி வைத்திருக்கிறேன். வெளி மாவட்டத்துக்காரர்கள் கேக் கடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் பக்கம் பேக்கரி என்றால் டீக்கடைதான், கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னும் பப்ஸும் இருக்கும், வாசலில் நாலு ஸ்டூல் கிடக்கும், அவ்வளவுதான். பதினெட்டு வருசமாக நடத்துகிறேன். எஃப்.எம். யார் கேட்கிறார்கள் என்று என்னிடம் கேட்டால், விடிகாலைப் பால் வண்டிக்காரரில் தொடங்கி, சொசைட்டிக்கு பெட்ஷீட் கட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற நெசவாளர், பெருந்துறை சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள், கடைசி டவுன் பஸ் கண்டக்டர் வரைக்கும் ஆள் ஆளாகக் காட்டுவேன்.

ஆனால் அந்த வாசகர் மேல் எனக்கு முழுசாகக் கோபம் வரவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், ரேடியோதான் எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டது.

என் அப்பா காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், வருசா வருசம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தபடியே இலங்கை வானொலி கேட்டவர். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது பேரையெல்லாம் பங்காளி பேர் மாதிரிச் சொல்வார். அப்புறம் கோவை வானொலி, அதற்கும் அப்புறம் கொடைக்கானல் பண்பலை, 100.5. மலை மேல் டவர் நிற்பதால் உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் அது பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கும், எங்கள் ஊரில் ஒயரைக் கொஞ்சம் நீட்டிக் கட்டினால் வரும். எஃப்.எம். அலை நம் பார்வை மாதிரி, நேராகத்தான் போகும், குறுக்கே மேடு வந்தால் தடுமாறும். அதனால்தான் பக்கத்து நகரத்திலிருந்து வருகிற ஸ்டேஷன் என் கடையில் கணீரென்று கேட்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் இருக்கிற என் மச்சான் வீட்டில் கரகரவென்று இழுக்கிறது. மலை மேல் கோயில் கொண்ட முருகன் குறுக்கே நிற்கிறான், யாரிடம் போய் முறையிடுவது? என் கடையில் ஆன்டெனா ஒயரை ஷட்டர் கம்பியில் சுற்றி வைத்திருக்கிறேன். வாசலில் பஸ் வந்து நின்றால் பாட்டு இரண்டு நொடி இரையும், பஸ் நகர்ந்தால் தெளிந்துவிடும். டீ மாஸ்டர் அந்த இரைச்சலைக் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாலு டம்ளரை எடுத்து வைப்பார்.

அந்தப் பக்கத்து நகரத்து ஸ்டேஷனின் பேர் இங்கே வேண்டாம். முன்பு அதில் காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை ஒரு பெண் பேசுவார். கவுந்தப்பாடிப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் என்று அவரே சொல்லியிருக்கிறார். "ஏனுங், எந்திரிச்சாச்சுங்களா? மணி ஆறு பத்தாச்சுங்" என்றுதான் ஆரம்பிப்பார். முதல் வாரம் கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நம்ம பேச்சைச் சினிமாவில் காமெடிக்கு மட்டும் கேட்டுப் பழகிய ஜனம், ரேடியோவில் ஒருத்தர் அதே பேச்சில் ஈரோட்டு மார்க்கெட்டில் விரலி மஞ்சள் என்ன விலை, கிழங்கு மஞ்சள் என்ன விலை என்று சொன்னால் முதலில் சிரிக்கத்தான் செய்யும். இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை, சத்தத்தைக் கூட்டி வை என்றார்கள். ஈரோடு போகிற டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் வாட்ச் பார்த்து நான் பார்த்ததே இல்லை, அந்தப் பெண் ஏழு பத்து என்று சொன்னால் டம்ளரை வைத்துவிட்டு விசிலை வாயில் எடுத்துக்கொள்வார்.

ஒரு ஐப்பசியில் விடிய விடிய மழை. வெள்ளோட்டுக்குப் பக்கத்தில் புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டது. ஈரோட்டுக்குப் போன முதல் பஸ் திரும்பி வந்து என் கடை வாசலில் நின்றது. டிரைவர் அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே என் போனை வாங்கி ஸ்டேஷனுக்கு அடித்தார். பாட்டைப் பாதியில் நிறுத்தி அவரைப் பேச விட்டார் அந்தப் பெண். இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், இவ்வளவு பெரிய மரம், மெஷின் வந்து அறுக்காமல் நகராது என்று அவர் சொன்னார். என் கடைக்குள்ளேயே நின்று பேசுகிறவரின் குரல் அலமாரி மேல் இருக்கிற பெட்டியிலிருந்தும் வந்து கீச்சென்று கத்தியதில் டீ மாஸ்டர் ஓடிப்போய் சத்தத்தைக் குறைத்தார். ஐந்து நிமிசத்தில் ஈங்கூரிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டு, பெருந்துறை சுற்றிப் போகலாம், ஆனால் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது, டூவீலர் வேண்டாம் என்றார். அப்புறம் இன்னொருத்தர், அந்தத் தண்ணீர் வடிந்துவிட்டது என்று. என் கடை வாசலில் ஒரு கல்யாண வேன் நின்றுகொண்டிருந்தது, பெண் வீட்டார், முகூர்த்தம் ஒன்பதுக்குள். அதைக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பி ஈங்கூர் வழியாகப் போனார்கள், போகும்போது கண்ணாடிப் பெட்டியில் இருந்த பன் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அது நல்ல நாள்.

போன ஐப்பசியிலும் அதே மாதிரி ஒரு மழை. கரண்ட் போய்விட்டது, கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிட்டது, பேட்டரியில் ஓடுகிற ரேடியோ மட்டும்தான் மிச்சம். கடைக்குள் பதினைந்து பேர் ஒண்டிக்கொண்டு நின்றோம். எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, பஸ் ஓடுகிறதா இல்லையா. ரேடியோவில் ஒரு தம்பி உற்சாகமாக, இன்னைக்கு சாயங்காலம் பீச்சுக்கு யாரோட போகப் போறீங்க, வாட்ஸ்அப் பண்ணுங்க என்றார். எங்களுக்குப் பக்கத்துக் கடற்கரை என்றால் ஒரு ராத்திரிப் பயணம். ஸ்டூலில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அந்தக் கண்ணுக்கு மழை பேயுறது தெரியாதாட்ட இருக்குது" என்றார்.

தெரியாதுதான். ரேடியோவில் கொஞ்ச நாள் வேலை பார்த்த பையன் ஒருத்தன் பிற்பாடு எனக்கு விளக்கினான். பெரிய நகரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவர் பேசிப் பதிவு செய்துவிடுவாராம், கம்ப்யூட்டர் அதைப் பாட்டுக்கு நடுவே செருகி நாலைந்து ஊருக்கு ஒரே நேரத்தில் அனுப்புமாம். அன்றிலிருந்து நான் ஒன்றைக் கவனிக்கிறேன், நீங்களும் கவனித்துப் பாருங்கள். பதிவு செய்த குரல் மணி சொல்லாது. "இந்த அழகான காலை நேரத்தில்" என்று சொல்லும், ஏழு பத்து என்று சொல்லாது. மழை என்றும் சொல்லாது, வெயில் என்றும் சொல்லாது. ஊர் பேரும் வராது. எங்கும் பொருந்துகிற மாதிரிப் பேசி வைத்திருப்பார்கள், ரெடிமேட் சட்டை மாதிரி. அந்தக் கண்டக்டர் இப்போது போனை எடுத்து மணி பார்க்கிறார்.

என் கடையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் அந்தப் பெண் பேசிய காலத்தில் சேர்ந்தான். ரேடியோ கேட்டே தமிழ் கற்றுக்கொண்டவன், கஸ்டமரிடம் "என்னங் வேணும், உக்காருங்" என்பான். அவனைப் பெருந்துறைக்காரன் என்று நினைத்து, எந்த ஊரு, யாரு மகன் என்று விசாரித்த ஆத்தாமார்கள் உண்டு. அவன் ஊருக்குப் போனபின் அவன் தம்பி வந்தான், அவனும் ரேடியோ கேட்டுத்தான் தமிழ் படிக்கிறான். போன வாரம் எழுபது வயசுக் கவுண்டர் ஒருவர் சர்க்கரை இல்லாமல் டீ கேட்டதற்கு, "ஓகே மச்சி, செம்ம" என்றான். அவர் என்னைப் பார்த்தார், நான் ரேடியோவைக் காட்டினேன்.

பாட்டில் எனக்குக் குறை இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் இளையராஜா வந்தால் எழுந்து போகிறவனும் இன்னொரு டீ சொல்வான், அது எனக்கு வியாபாரம். ஒரே பாட்டு ஒரே நாளில் மூன்று தடவை வருவதையும் பொறுத்துக்கொள்கிறேன். நாள் பூராவும் உள்ளூர் ஆள் பேச வேண்டும் என்றும் கேட்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், இந்த ஊரில் குடியிருக்கிற ஒரு ஆள், அந்த நேரத்தில் ஸ்டேஷனில் உட்கார்ந்து, போனை எடுக்கட்டும் என்கிறேன்.

இதைக் கேட்டால் சிலர் உடனே சட்டம் பேசுவார்கள், தனியார் எஃப்.எம்-மில் செய்தி சொல்லக் கூடாது என்று. பாதி உண்மை. சொந்தமாகச் செய்தி வாசிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை, ஆகாசவாணி செய்தியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் மணிக்குப் பத்து நிமிசம் வரை செய்திக்கு அனுமதி கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது, அது தனிக் கதை. ஆனால் தனியார் எஃப்.எம்-முக்காக மத்திய அரசு 2011-ல் கொண்டுவந்த மூன்றாம் கட்டக் கொள்கையிலேயே எதையெல்லாம் செய்தியாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: போக்குவரத்து, வானிலை, உள்ளூர் விளையாட்டு, திருவிழா, பரீட்சை முடிவு, கல்லூரி அட்மிஷன், வேலை வாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், நோய் எச்சரிக்கை. இதில் எங்கள் வாழ்க்கையில் எது பாக்கி? புளியமரம் விழுந்தது போக்குவரத்து. வெள்ளிக்கிழமை ஒன்பது மணியிலிருந்து மின் பராமரிப்பு என்பது மின்சாரம் (அதை நீங்களும் உள்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போடுகிறீர்கள் ஐயா, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை). தைப்பூசத் தேரோட்டத்தன்று எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்பது திருவிழா.

வாய்க்கால் தண்ணீர் ஒன்று போதாதா? கீழ்பவானிப் பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர், வாய்க்கால் 200 கிலோமீட்டர், பவானிசாகர் அணை 105 அடி. தண்ணீர் விட்டால் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்கு, அடுத்த போகம் இரட்டைப்படை மதகுக்கு என்று முறை மாறும். எப்போது திறப்பு, எப்போது அடைப்பு, இந்த நனைப்பு, அதாவது இந்தத் தடவை விடுகிற தண்ணீர், எத்தனை நாள் என்பதை வைத்துத்தான் இந்தப் பக்கம் நாற்று விடுவதிலிருந்து ஆள் சொல்லி வைப்பது வரை நடக்கிறது. அந்தப் பெண் காலையில் "அணையில இன்னைக்கு இத்தனை அடிங்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போடுவார். அந்த ஒரு வரி வரும்போது என் கடையில் ஸ்பூன் சத்தம்கூடக் கேட்காது.

ஆக, தடையாக நிற்பது சட்டம் இல்லை, சம்பளம். ஒரே கம்பெனி தன் ஸ்டேஷன்களை நாடு முழுக்க இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஓட்டலாம் என்று அதே 2011 கொள்கை கதவைத் திறந்துவிட்டது. ஒரு ஆள் பேசினால் நாலு ஊருக்குப் போகும் என்றால் எந்த முதலாளி நாலு ஆள் வைப்பார்? நானும் கடைக்காரன்தான், எனக்கு அந்தக் கணக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுக்குப் புரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு வருசத்துக்கு முன்னால் என் கடைக்குப் புது அடுப்பு வாங்கி பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தேன், ஒரு வாரம் விளம்பரம் கொடுக்கலாம் என்று அந்த ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். முன்பெல்லாம் அவர்களே கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை எதிர்முனையில் இருந்தவர் வெளியூர் நம்பர் ஒன்றைக் கொடுத்தார், அந்த நம்பரில் பேசியவர் உங்கள் பட்ஜெட்டுக்கு எங்களிடம் பேக்கேஜ் இல்லை சார் என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து சொன்னார், சென்னிமலை எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். அந்தப் பணத்தில் நான் நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து விட்டேன். உங்கள் பேப்பருக்குள்தான்.

சமுதாய வானொலி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, நல்ல விஷயம். 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்றைக்குக் கோவைப் பக்கத்துக் கல்லூரிகளிலும் நடக்கிறது. ஆனால் அதற்குப் பொதுவாகக் கொடுக்கிற திறன் 100 வாட், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். வெள்ளோட்டு மரத்தை ஈரோட்டுக்காரனுக்கும் காங்கேயத்துக்காரனுக்கும் சேர்த்துச் சொல்ல அது போதாது.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 ஊர்களில் 730 புது எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் 11 ஊர், ஊருக்கு மூன்று. எங்கள் கொங்குப் பக்கத்தில் கரூர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வருமானத்தில், ஜி.எஸ்.டி. போக, 4 சதவீதம் ஆண்டுக் கட்டணம். தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சி வரும், வட்டாரப் பேச்சும் பண்பாடும் வளரும், வேலை கிடைக்கும் என்று அரசு தன் அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறது. சரி, அப்படியானால் அதை ஏல ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். இந்த ஊர் அலைவரிசையை எடுக்கிறவர் தினமும் குறைந்தது மூன்று மணி நேரம் இந்த ஊர் ஸ்டுடியோவிலிருந்து நேரலையாகப் பேச வேண்டும், பதிவு செல்லாது, போன் நம்பர் உள்ளூர் நம்பராக இருக்க வேண்டும் என்று. காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பொதுச் சொத்தைக் குத்தகைக்கு விடும்போது நாலு நிபந்தனை போடுவது புதுசா என்ன, எங்கள் ஊரில் ஏரி மீன் குத்தகைக்குக்கூட நிபந்தனை உண்டு. இல்லாவிட்டால் கரூருக்கு மூன்று அலைவரிசை வரும், மூன்றிலும் பீச்சுக்குக் கூப்பிடுவார்கள்.

எம்.பி.க்கள் இதைக் கேட்க வேண்டும். உங்கள் நிருபர் யாராவது ஒருவர் ஈரோடு, சேலம், கோவை ஸ்டேஷன்களில் காலை ஏழு மணிக்கு உள்ளே உட்கார்ந்து பேசுகிற ஆள் எத்தனை பேர் என்று நேரில் போய் எண்ணி எழுதினால் புண்ணியமாகப் போகும். செல்போன் கம்பெனிகளிடம் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023-ல் மத்திய அரசு சொன்னது, என் பையன் வாங்கிய புது போனில் இன்னும் அது இல்லை, அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். ஒரு நாள் காலையில் குரல் மாறிவிட்டது, போய் வருகிறேன் என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. ஆறு மாசம் கழித்து மலைக்கு வந்தவர் கீழே என் கடையில் டீ குடித்தார். "இன்னொரு டீ சேத்திக் குடுங்ணா" என்று கேட்டதும் டீ மாஸ்டர் கையில் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார், முகம் தெரியாது, குரல்தான் தெரியும். காசு வாங்கவில்லை.

எந்தக் கம்பெனிக்காவது இங்கே ஆள் உட்கார வைக்க இடம்தான் பிரச்சனை என்றால், என் கடை மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. காலை ஆறிலிருந்து எட்டு வரை எடுத்துக்கொள்ளட்டும், வாடகை வேண்டாம், டீயும் என் கணக்கு. ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்துதான் வைக்க வேண்டும். மழை வந்தால் மைக்கில் அடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு பேக்கரிக்காரர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.